கோபமுள்ள பிள்ளையும் மருந்தும்: பெற்றோருக்கு ஒரு பாடம்



கருங்குழியிலிருந்தும் படாளம், மதுராந்தகம் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துவரும் தாய்மார், மருத்துவரைப் பார்த்துவிட்டு எங்கள் அறைக்கும் வருவதுண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். "ஐயா, இது வியாதியா, இல்ல கொழுப்பா?" என்பது முதலாவது. "மாத்திரை குடுத்தா புள்ள காலமெல்லாம் அதுக்கு அடிமையாயிடுவானா?" என்பது இரண்டாவது. மூன்றாவதை யாரும் கேட்காதபடி மெல்லிய குரலில் கேட்பார்கள்: "மாத்திரை குடுக்கிறது விசுவாசம் இல்லாத காரியமா ஐயா?"

இந்த மூன்று கேள்விகளையும் இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்ல; நோயாளிகளின் அருகில் உட்காருகிறவர்கள். ஆகவே இங்கே எழுதியிருப்பது அறிந்துகொள்வதற்காகவே. ஒரு மருந்தைத் தொடங்குவதோ நிறுத்துவதோ பிள்ளையை நேரில் பார்த்த மருத்துவரோடு பேசித்தான் நடக்கவேண்டும்.

1. கொழுப்பா, வியாதியா?

ஓடியாடாத பிள்ளை உண்டா? சுட்டித்தனம் வியாதி அல்ல. ஆனால் சில பிள்ளைகளிடம் மூன்று காரியங்கள் வயதுக்கு மிஞ்சிக் காணப்படுகின்றன. ஒன்றில் மனதை நிறுத்த முடியாமை; ஓர் இடத்தில் உட்கார முடியாமை; நினைத்தவுடன் யோசியாமல் செய்துவிடுதல். இவற்றைச் சேர்த்தே கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். ஏ.டி.எச்.டி. என்ற நான்கு எழுத்துகளால் இன்று ஆசிரியர்களும் இதை அறிந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் பார்த்து இப்பெயரைச் சூட்டிவிட முடியாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். குறைந்தது 6 மாதமாவது நீடித்திருக்கவேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்படவேண்டும். பிள்ளையின் படிப்பையோ உறவையோ கெடுத்திருக்கவேண்டும். பள்ளியில் மட்டும் அடங்காத பிள்ளைக்குப் பள்ளியில் ஏதோ ஒரு தொல்லை இருக்கலாம். வீட்டில் மட்டும் அடங்காத பிள்ளைக்கு வீட்டில் ஏதோ ஒரு துக்கம் இருக்கலாம்.

இது மேல்நாட்டு வியாதி, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வராது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. கோயம்புத்தூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 770 பேரைப் பரிசோதித்து 2013-இல் வெளியான ஆய்வு, 100-க்கு ஏறக்குறைய 11 பேருக்கு இக்கோளாறு இருந்ததாகக் கூறிற்று. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 100-க்கு சுமார் 5 என்கிறார்கள். கணக்கெடுக்கும் முறைக்கேற்ப எண் மாறும். ஆனால் ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் அதில் இரண்டு பேராவது இவ்வகையில் இருக்கக்கூடும் என்பதை ஆசிரியர்கள் மனதில் வைப்பது நல்லது. இக்கோளாறு பெரும்பாலும் பரம்பரையாக வருகிறது. தாய் வளர்த்த விதத்தால் வந்தது என்று மாமியார் சொல்வது நியாயமல்ல.

கோபமோ அடிதடியோ இக்கோளாறின் அறிகுறிப் பட்டியலில் இல்லை. ஆகிலும் இப்பிள்ளைகளில் பலர் கோபக்காரர்களாக இருக்கிறார்கள். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து நடத்தி 1999-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், 100-க்கு 40 பேருக்குப் பெரியவர்களோடு ஓயாமல் எதிர்த்து நிற்கும் கோளாறும் சேர்ந்தே இருந்தது.

காரணம் இதுதான். கோபம் எல்லாருக்கும் வருகிறது. கோபத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. "வேண்டாம், பொறு" என்று உள்ளே ஒன்று சொல்லும் நேரம் அது. இப்பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி மிகவும் குறுகியது. இறக்கத்தில் வரும் சைக்கிளுக்குப் பிரேக் சரியாகப் பிடிக்காததைப்போல, அடித்தபிறகுதான் அடித்தோம் என்று அவர்களுக்கே தெரிகிறது. சற்று நேரத்தில் அழுவார்கள், வருத்தப்படுவார்கள், மறுநாள் அதையே செய்வார்கள்.

இதையும் இன்னொரு விதக் கோபத்தையும் பிரித்துப் பார்க்கவேண்டும். முன்கூட்டியே திட்டமிட்டு, ஆதாயத்துக்காக, எளியவனைத் துன்புறுத்துவது வேறு. நொடியில் பற்றி நொடியில் அணைவது வேறு. நாம் பேசப்போகும் மருந்துகள் பெரும்பாலும் இரண்டாவது வகைக்கே உதவுகின்றன.

2. புதிய பெயர், பழைய காரியம்

ஹைன்ரிச் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1840-களில் தன் மகனுக்காக எழுதி வெளியிட்ட படப்புத்தகத்திலேயே, சாப்பாட்டு மேசையில் அசையாமல் இருக்கமுடியாத ஒரு சிறுவன் வருகிறான். 1902-இல் லண்டனில் சர் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தியில் குறையில்லாமலே தங்களை அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளைப்பற்றி மருத்துவர்களுக்கு விரிவுரை ஆற்றினார்.

மருந்து கிடைத்தது தற்செயலாகத்தான். 1937-இல் அமெரிக்காவில் ராட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள ஒரு பிள்ளைகள் இல்லத்தில், சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் பென்செட்ரின் என்ற கிளர்ச்சியூட்டும் மருந்தை 30 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஒரு பரிசோதனைக்குப்பின் உண்டாகும் தலைவலி தீருமென்று எண்ணியே அதைத் தொடங்கினார். தலைவலி தீரவில்லை, ஆனால் 14 பிள்ளைகள் பாடத்தில் வியக்கத்தக்க விதமாக முன்னேறினார்கள், சண்டையும் குறைந்தது. 1944-இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பானிசோன் என்ற வேதியியலார் மெத்தில்பெனிடேட் என்ற மருந்தை உருவாக்கினார். மனைவியின் செல்லப்பெயரான ரீட்டாவைக்கொண்டு அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வந்தது. இன்றும் உலகமெங்கும் முதலில் கொடுக்கப்படும் மருந்துகளில் அது ஒன்று.

3. மாத்திரைக்கு முன்னே

நல்ல மருத்துவர் சீட்டு எழுதுமுன் பல கேள்விகள் கேட்பார். தாய்மார் இதனால் சலித்துக்கொள்ளவேண்டாம். அவர் தேடுவது இவற்றைத்தான்:

(அ) காது கேட்கிறதா, கண் தெரிகிறதா? கரும்பலகை தெரியாத பிள்ளை கவனிக்காத பிள்ளையாகத் தோன்றும்.

(ஆ) இரவில் நன்றாகத் தூங்குகிறதா? மூக்கடைப்பும் குறட்டையும் உள்ள பிள்ளை பகலில் சிடுசிடுப்பாக இருக்கும்.

(இ) இரத்தசோகை, தைராய்டு கோளாறு உண்டா?

(ஈ) வலிப்பு உண்டா? சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் சிறு வலிப்பைக் கவனக்குறைவு என்று எண்ணிவிடுவதுண்டு. வலிப்புக்காகப் பீனோபார்பிட்டோன் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளில் சிலருக்கு அந்த மாத்திரையே மிகைத் துடிப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். அப்படியானால் செய்யவேண்டியது, வலிப்பு மருந்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்பதே. அதைத் தாங்களாகவே நிறுத்துவது ஆபத்து.

(உ) எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தனிக்குறைபாடு உண்டா? வாசிக்கத் தெரியாத பிள்ளை, வாசிக்கச் சொல்லும் நேரத்தில் சண்டை வளர்ப்பது இயல்பு.

(ஊ) வீட்டில் குடி, அடி, மரணம், பிரிவு ஏதேனும் உண்டா? பிள்ளையை யாரேனும் தகாத முறையில் தொட்டதுண்டா?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். ஆனால் அந்தப் பதில் இல்லாமல் கொடுக்கப்படும் மாத்திரை, புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதற்குச் சமம்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் மருந்தல்ல, பெற்றோருக்குப் பயிற்சியே முதல் சிகிச்சை என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட முறை.

4. மாத்திரை என்ன செய்கிறது?

மெத்தில்பெனிடேட் தூக்கமாத்திரை அல்ல, மயக்கமருந்தும் அல்ல. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்கள் செய்தி கொண்டுபோகின்றன. அவை வேலை முடியுமுன் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடாதபடி இம்மருந்து தடுக்கிறது. அதனால் மூளையின் அடக்கியாளும் பகுதி விழித்துக்கொள்கிறது. பிரேக் பிடிக்கிறது. சாதாரண மாத்திரை அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் வேலைசெய்யத் தொடங்கி, சுமார் 4 மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் மாத்திரைகள் அதிக நேரம் நிற்கும். கவனத்தோடுகூட நொடியில் பற்றும் கோபமும் பல பிள்ளைகளுக்கு இதனால் குறைகிறது.

எங்கள் மக்கள் கவனிக்கவேண்டியவை சில:

பசி குறையும். ஆகவே மாத்திரைக்கு முன்பே காலை ஆகாரம் வயிறாரக் கொடுக்கவேண்டும். இட்லியோ கேழ்வரகுக் கூழோ முட்டையோ எதுவானாலும் சரி. மதியம் தொடாத பிள்ளைக்கு மருந்தின் வேகம் தணிந்த மாலையில் பசிக்கும். அப்போது "மத்தியானம் ஏன் துன்னல?" என்று திட்டாமல் சாதம் போடவேண்டும். தூக்கம் தள்ளிப்போகலாம், வயிற்றுவலியும் தலைவலியும் முதல் வாரங்களில் வரலாம். இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சற்று உயரும். வளர்ச்சி சிறிது தாமதிக்கலாம். ஆகவே உயரம், எடை, இரத்த அழுத்தம் மூன்றையும் ஒவ்வொரு முறையும் பார்த்து எழுதிவைக்கவேண்டும். பிள்ளைக்கு இருதயக் கோளாறு இருந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

பிள்ளை பொம்மையைப்போல உட்கார்ந்திருந்தால் மருந்து நன்றாக வேலைசெய்கிறது என்று மகிழவேண்டாம். அளவு அதிகமாயிற்று என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். சிரிக்கவும் விளையாடவும் குறும்பு செய்யவும் வேண்டும். அதுவே சரியான அளவு.

மாலையில் மருந்து இறங்கும் நேரம் சில பிள்ளைகளுக்கு எரிச்சல் முன்னைவிட அதிகமாகும். தகப்பன் வேலையிலிருந்து வருவதும் அந்த நேரத்தில்தான். அவர் பார்ப்பது அந்த ஒரு மணி நேரத்தை மட்டுமே. "மாத்திரை குடுத்தப்புறம்தான் மோசமாயிட்டான்" என்று சொல்லி மருந்தை நிறுத்திவிடுகிற தகப்பன்மார் அநேகர். இதை மருத்துவரிடம் சொன்னால் நேரத்தையோ மாத்திரையின் வகையையோ மாற்றிக்கொடுப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டுப்பாடம் வேண்டாம். தின்பண்டமும் தெருவில் ஓட்டமும் போதும்.

அடிமையாகிவிடுவானா என்ற கேள்விக்கு வருவோம். மருத்துவர் சொன்ன அளவில், வாய்வழியாக, பெற்றோர் கையால் கொடுக்கப்படும்போது பிள்ளைகள் இதற்கு அடிமையாவதில்லை. மருந்து சாப்பிட்ட பிள்ளைகள் பிற்காலத்தில் போதைக்குப் போவது அதிகமென்று ஆய்வுகள் காட்டவுமில்லை. ஆனால் மற்றவர்கள் கையில் இது தவறாகப் பயன்படக்கூடும். அதற்காகவே நம் நாட்டில் இது 1985-ஆம் ஆண்டின் போதைமருந்துத் தடுப்புச் சட்டத்துக்குள்ளும், மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணைக்குள்ளும் வைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாக எழுதவேண்டும். கடைக்காரர் ஒன்றை 2 ஆண்டு பத்திரப்படுத்தவேண்டும். இதனால் எல்லா மருந்துக்கடைகளிலும் இது கிடைக்காது. கருங்குழியில் ஏறி செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ போகவேண்டியிருக்கும். ஒரு நாள் கூலி போய்விடும். மருந்து தீருவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த பயணத்தைத் திட்டமிடுங்கள் என்று சொல்லுகிறோம். வீட்டில் மாத்திரைகளைப் பூட்டி வைக்கவேண்டும்; பிள்ளையின் பையில் போட்டு அனுப்பக்கூடாது.

5. கோபம் அப்போதும் அடங்காவிட்டால்

மெத்தில்பெனிடேட் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அடோமாக்ஸெடின் என்ற வேறு மருந்து கொடுப்பார்கள். அது கிளர்ச்சியூட்டும் வகையைச் சேர்ந்ததல்ல. பலன் தெரிய 4 முதல் 6 வாரமாவது ஆகும். பத்து நாளில் "ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடக்கூடாது. குமட்டலும் சோர்வும் வரலாம். பிள்ளை மனம் உடைந்து பேசினாலோ, சாவைப்பற்றிப் பேசினாலோ உடனே மருத்துவரிடம் வரவேண்டும்.

குளோனிடின் என்பது இரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. துடிப்புக்கும் தூக்கமின்மைக்கும் சிறு அளவில் இதைக் கொடுப்பதுண்டு. இதைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும். மெதுவாகக் குறைத்தே நிறுத்தவேண்டும்.

மற்ற எல்லாம் செய்தபிறகும் தனக்கோ பிறருக்கோ காயம் உண்டாக்கும் அளவுக்குக் கோபம் இருந்தால் ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் 168 பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சியும் கிளர்ச்சியூட்டும் மருந்தும் முதலில் கொடுத்து, பின்பு ஒரு பிரிவினருக்கு மட்டும் இதைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்த முடிவின்படி கோபம் மேலும் ஓரளவு குறைந்தது. எல்லாருக்கும் ஒரேவிதமாக அல்ல. இம்மருந்தால் எடை கூடும். இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறலாம். கைகால் விறைப்பு உண்டாகலாம். ஆகவே குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, பரிசோதனைகளோடு மட்டுமே இது தகும். சண்டை போடும் பிள்ளைக்கு முதல் மாத்திரையாக இதை யாரேனும் கொடுத்தால், "வேறு வழி இல்லையா ஐயா?" என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

6. மாத்திரை செய்யாத வேலை

மேலே சொன்ன 579 பிள்ளைகளின் ஆய்வில், 14 மாத முடிவில், கவனக்குறைவுக்கும் துடிப்புக்கும் ஒழுங்காகக் கொடுத்த மருந்தே பயிற்சியைவிட மேலான பலன் தந்தது. ஆனால் பிள்ளை எதிர்த்து நிற்பதிலும் பெற்றோர் பிள்ளை உறவிலும் மருந்தும் பயிற்சியும் சேர்ந்த முறையே நல்ல பலனைக் காட்டியது. அதில் மருந்தின் அளவும் குறைவாகவே போதுமானதாயிருந்தது. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது பிரிவுகளுக்குள் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இதிலிருந்து நாம் கற்பது என்ன? மருந்து ஒரு வாசலைத் திறக்கிறது. அந்த வாசல் வழியாகப் பிள்ளையை நடத்திக்கொண்டுபோவது வீடும் பள்ளியும்தான், அதுவும் பல ஆண்டுகள்.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் சேர்த்துக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். அதே காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவும் உறவினர் நோயாளியோடு தங்கும் முறையை ஏற்றுக்கொண்டது. இன்றும் பாகாயத்தில் அவர்களுடைய பிள்ளைகள் பிரிவில் பெற்றோரையே உடன் சிகிச்சையாளராகப் பயிற்றுவிக்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய தேசிய நிறுவனம், பலவகைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயிற்சி தருகிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் 2022 முதல் தமிழிலும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது.

வீட்டில் செய்யத்தக்கவற்றை நாங்கள் தாய்மாருக்கு ஐந்து வரியில் சொல்லுவது வழக்கம்:

(1) ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. அருகில் போய், தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அடுப்படியிலிருந்து கூப்பிடுவது அவன் காதில் விழாது.

(2) நல்லது செய்த அந்த நிமிடமே பாராட்டுங்கள். மாலைவரை வைத்திருந்தால் மறந்துவிடுவான்.

(3) கோபம் ஏறும்போது புத்திசொல்லாதீர்கள். கூட்டத்தைவிட்டு வெளியே அழைத்துப்போங்கள். புத்தி சொல்லும் நேரம் பின்பு வரும்.

(4) எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு இருக்கும்போது சண்டை வருகிறது என்று ஒரு பழைய நோட்டில் குறித்துவையுங்கள். மருத்துவருக்கு அதைப்போல உதவுவது வேறில்லை.

(5) அடிக்காதீர்கள். அடி வாங்கும் பிள்ளை, கோபம் வந்தால் அடிக்கலாம் என்ற பாடத்தையே கற்றுக்கொள்கிறது. ஆயாவும் தாத்தாவும் மாமாவும் இந்த ஒரு காரியத்தில் ஒன்றுபடவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. முன் வரிசையில் உட்காரவைப்பது, நடுநடுவே கரும்பலகை துடைக்கவோ தண்ணீர் கொண்டுவரவோ அனுப்புவது, நீண்ட கணக்குகளைத் துண்டுதுண்டாகக் கொடுப்பது இவற்றுக்குப் பணம் செலவாகாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரம்படியையும் மனதைப் புண்படுத்துவதையும் தடைசெய்திருக்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளையைப் பள்ளியைவிட்டு நீக்கவும் கூடாது என்கிறது. "நாளையிலிருந்து அனுப்பாதீர்கள்" என்று சொல்லப்பட்ட தாய்மார் இதை அறிந்திருக்கவேண்டும்.

7. நியாயமான கோபத்தை வாயடைக்கலாகாது

இப்பாடத்தின் கடினமான பகுதி இது. மாத்திரை யாருடைய வசதிக்காக? பிள்ளை அமைதியாக இருந்தால் ஆசிரியருக்கு நல்லது, வீட்டுக்கு நல்லது, அக்கம்பக்கத்துக்கும் நல்லது. பிள்ளைக்கு நல்லதா என்று கேட்கிறவர் யார்?

எங்களிடம் வந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப்பற்றிச் சொல்லுகிறோம்; அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். வகுப்பில் ஒருவன் மண்டையை உடைத்ததற்காகப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டவன். மருத்துவர் சோதித்து ஏ.டி.எச்.டி. என்று கண்டு மெத்தில்பெனிடேட் கொடுத்தார். மூன்றாம் வாரத்தில் பள்ளிச் சண்டை குறைந்தது. ஓரிடத்தில் அரைமணி உட்கார்ந்து பேசக்கூடியவனானான். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில், படம் வரைந்துகொண்டே, "எங்கப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிக்கறப்ப எனக்கு அடிக்கணும்னு வருது. அப்பாவ அடிக்க முடியாது" என்றான். அதற்குமுன் எத்தனையோ பேர் அவனிடம் ஏன் அடித்தாய் என்று கேட்டிருந்தார்கள். பதில் சொல்லும் அளவுக்கு அவன் மனம் ஓரிடத்தில் நின்றதில்லை.

மாத்திரை அவன் வாயை அடைக்கவில்லை. பேசுவதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அவன் பேசினபோது கேட்க யாரும் இல்லாதிருந்தால், அந்த அமைதியை வெற்றியென்று எல்லாரும் எண்ணியிருப்பார்கள். அன்றுமுதல் சிகிச்சை தகப்பனுக்கும் என்று ஆயிற்று. அவர் குடியைவிட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். இரண்டு முறை சிகிச்சைக்கு வந்தார். இரண்டு முறையும் திரும்பக் குடித்தார். மூன்றாம் முறையாக வந்துகொண்டிருக்கிறார். சிறுவனும் தாயும் இப்போது ஆயா வீட்டில் தங்கியிருக்கிறார்கள். அவன் பள்ளிக்குப் போகிறான்.

தாய் அடிவாங்குவதைப் பார்த்துப் பிள்ளைக்குக் கோபம் வருவது வியாதி அல்ல. அது நியாயம். அந்த நியாயமான கோபம் பக்கத்துப் பெஞ்சுக்காரன் மண்டையில் இறங்குவதற்குத்தான் கோளாறு காரணம். மருந்து இரண்டாவதைச் சரிசெய்யட்டும். முதலாவதைச் சரிசெய்யும் கடமை பெரியவர்களாகிய நம்முடையது. பிள்ளை ஆபத்தில் இருந்தால் 1098 என்ற எண்ணுக்கு யாரும் பேசலாம்.

8. விசுவாசமும் மருந்தும்

இனி அந்த மெல்லிய குரலின் கேள்வி. இப்பிள்ளைகளைப் பேய் பிடித்தது என்று சொல்லிக் கோயிலுக்கும் தர்காவுக்கும் ஜெபக்கூட்டங்களுக்கும் கொண்டுபோகிறார்கள். ஜெபிப்பதை நாங்கள் ஒருநாளும் தடுக்கமாட்டோம். அது எங்கள் வேலை. ஆனால் பிள்ளையைக் கட்டிவைப்பது, பட்டினிபோடுவது, அடிப்பது, "இனி மாத்திரை தொடாதே" என்று கட்டளையிடுவது எந்த நாமத்தில் செய்தாலும் கொடுமையே.

கண்ணாடி அணிந்து வேதம் வாசிக்கிற எவரும் அதை விசுவாசக்குறைவு என்று எண்ணுவதில்லை. பவுல் அப்போஸ்தலன் தன் இளம் உடன் ஊழியனாகிய தீமோத்தேயுவுக்கு எழுதியபோது, அடிக்கடி வரும் வயிற்று நோய்க்கு அக்காலத்து வைத்தியத்தையே சொன்னார். இன்னும் ஜெபித்துப்பார் என்று நிறுத்தவில்லை. அதே அப்போஸ்தலன் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதுகையில், தகப்பன்மார் பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனம் தளரச் செய்யக்கூடாதென்று இரண்டு முறை எச்சரித்தார். பிள்ளையின் கோபத்தைப்பற்றிப் பேசும்போது வேதம் முதலில் பெரியவர்களைப் பார்த்துப் பேசுகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

மருந்து எத்தனை காலத்துக்கு? ஒவ்வோர் ஆண்டும் மருத்துவரோடு உட்கார்ந்து, இன்னும் தேவையா என்று பார்க்கவேண்டும். சில பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறத் துடிப்பு தணிகிறது. சிலருக்குப் பெரியவர்களான பின்னும் ஓரளவு தொடர்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடும் தகப்பன், மகனுக்கு மட்டும் "எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை?" என்று முகம் சுளிப்பது பொருத்தமாயில்லை.

வீட்டிலும் குழுவாகவும் பேசுவதற்கு:

1. நம் தெருவில், நம் சபையில், அடங்காதவன் என்று பெயர் வாங்கிய பிள்ளை யார்? அவனுடைய தாயோடு கடைசியாக எப்போது பேசினோம்?

2. அந்தப் பிள்ளைக்குக் காது, கண், தூக்கம், வாசிப்பு இவற்றை யாரேனும் சோதித்ததுண்டா?

3. மாத்திரை சாப்பிடும் பிள்ளையை ஓய்வுநாள் பள்ளியிலோ பள்ளிக்கூடத்திலோ "மாத்திரைக்காரன்" என்று யாரேனும் கேலிசெய்யும்போது நாம் என்ன செய்கிறோம்?

4. நம் வீட்டுப் பிள்ளையின் கோபத்தில் எவ்வளவு அதன் சுபாவம், எவ்வளவு நாம் கொடுத்தது?

இவற்றில் ஒரு கேள்விக்காவது இந்த வாரத்தில் செயலால் பதில் சொல்லுங்கள். மருந்துக்காகச் செங்கல்பட்டுக்குப் போகும் ஒரு தாயோடு ஒருநாள் துணைக்குப் போவதும் அப்படிப்பட்ட பதில்தான்.